மஞ்சள் நூல் கட்டிய சுருட்டு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற சீட்டு மட்டும்தான்: எந்த ஊர், எந்த மாதம், எத்தனை கட்டு. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். முதலாளியின் மகள் பிழை திருத்தித் தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் திருத்தியும் பிழை இருந்தால் அது என்னுடையதுதான்.

நீங்கள் இருவரும் நம் சுருட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில்தான் நான் வேலையை விட்டு நின்றேன். ஐம்பத்து மூன்று வயது நிற்கிற வயதில்லை. ஆனால் புகையிலைத் தூசி இனி உன் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி நாள் கேக்கும் பிளேன்டீயும் வைத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறவாது. அப்போது உங்களில் ஒருவர் உதவிக்கு வருவதுபோல ஒரு கேள்வி கேட்டீர்கள்: "அண்ணே, சுருட்டை எவ்வளவு காலம் வைச்சு விக்கவேணும்?"

நான் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டு, "மூன்று மாதம்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அது பொய்யில்லை. ஆனால் பதிலும் இல்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே அது எனக்கு உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வருகிற சுருட்டு கொட்டாஞ்சேனையில் நம் கடை வாசலில் இறங்கும்போது அதற்குள் கோடாவின் ஈரம் இருக்கும். இலையைப் பதப்படுத்த ஊற்றுகிற சாறு அது. அந்த ஈரத்தோடு பற்றவைத்தால் தொண்டையைப் பிடிக்கும், நாலு இழுப்பில் அணைந்துபோகும். பலகைப் பெட்டியில் காற்றுப்பட வைத்தால் மெல்ல மெல்ல அடங்கும். இதெல்லாம் உங்களுக்கு ஏற்கனவே காட்டியிருப்பார்கள்.

பழசாக ஆக நல்லது என்று நினைக்கிறவர்களும் உண்டு. எங்கள் கடைக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற என்ஜினியர் வருவார். ஒரு பெட்டி வாங்கி, அதை ஏழு வருடம் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். திறந்த அன்று என்னையும் கூப்பிட்டார். வைக்கோல் எரிகிற மணம்தான் வந்தது. "நான் பிந்திட்டன் போல" என்றார். பாவம், அந்த ஏழு வருடமும் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தவர். ஆகவே, பொறுத்திருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

இனி என்னுடைய பிழையைச் சொல்கிறேன்.

நம் கடைக்கு இரண்டு வகையான ஆட்கள் வருவார்கள். வெள்ளவத்தைப் பக்கத்து ஐயாமார், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள், துறைமுகத்து ஆட்கள் ஒரு வகை. அவர்கள் தங்கள் வாயில் வைக்க வாங்குகிறவர்கள். மற்ற வகை, சாமிக்கு வாங்குகிறவர்கள். முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் படையலில் சுருட்டு வைக்கவேண்டும் அல்லவா. கிராண்ட்பாஸ், கொச்சிக்கடைப் பக்கத்துக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்து பத்துச் சுருட்டுக் கட்டு ஒன்று வாங்கிப்போகும்.

அவர்களுக்கென்று வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்திருந்தேன். அதற்குச் சாமித்தட்டு என்று பெயரும் வைத்திருந்தேன். முந்தாநாள் லொறியில் வந்தது, கோணலாகச் சுற்றியது, ஈரம் அடங்காதது எல்லாம் அதில் போகும். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. நானாகவே கண்டுபிடித்த கெட்டித்தனம். இலையில் வைக்கிற சுருட்டை யார் குடிக்கப்போகிறார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்பது என் எண்ணம். நல்லதை நல்லவர்களுக்கு மிச்சம் பிடித்தேன் என்று மனதுக்குள் சின்னப் பெருமையும் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதத்து மழைக்குள் ஒரு பெண் கடைக்கு வந்தாள். பெயர் சுகந்தி. வயது இருபத்தேழு இருக்கும், பாமசி ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசையில் விரித்தாள். பாதி கருகிய மூன்று சுருட்டுகள்.

"அண்ணே, இது ஒங்க கடையில வாங்கினது. ஏன் அணைஞ்சிச்சு?"

எடுத்து அழுத்திப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை. விரலில் ஒட்டியது.

"ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

அவள் சொன்னாள். கிராண்ட்பாஸில் அவர்கள் தெருவில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. அவள் வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்வதென்றால் அங்கே உத்தரவு கேட்பது வழக்கம். சாமியாடுகிறவர் சுருட்டைப் பற்றவைத்து, மூன்று இழுப்பு இழுத்து, சூலத்தடியில் வைப்பார். ஒரு விரற்கடை சாம்பல் நிற்கும்வரை அது தானாக எரிந்தால் உத்தரவு. அணைந்தால் இல்லை. மூன்று தரம் கேட்கலாம். அதற்குமேல் கேட்கக்கூடாது.

"மூணும் அணைஞ்சிருச்சு" என்றாள்.

"என்ன காரியத்துக்குக் கேட்டது?"

"என்னோட கல்யாணத்துக்கு."

மாப்பிள்ளை அன்ரன், கொச்சிக்கடைப் பையன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேதக்காரர். இரண்டு வீட்டிலும் ஒரு வருடம் சண்டை பிடித்து, அழுது, கடைசியில் சம்மதித்தார்கள். அன்ரனின் தாய் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் மன்றாடி மனதைத் தேற்றிக்கொண்டார். சுகந்தியின் தாய் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: முனியாண்டி சரி என்று சொல்லவேண்டும். முனியாண்டி மூன்று தரம் மாட்டேன் என்றுவிட்டார்.

"அம்மா தாம்பூலத் தட்டத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. நான் பாமசியில நிக்கிறேன் அண்ணே. மருந்து வேல செய்யலன்னா மொதல்ல நாங்க காலாவதித் திகதியத்தான் பாப்போம். அதான் வந்தேன். உள்ளதச் சொல்லுங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

முதலாளியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கென்ன விசரே? சாமி விஷயத்துக்குள்ள தலையைப் போடாதேயும். நீர் போய் எங்கட சரக்குப் பிழை எண்டு சொன்னா, நாளைக்கு முழுக் கிராண்ட்பாஸும் சொல்லும். சாமியின்ர தீர்ப்பைக் கடைக்காரன் மாத்தினான் எண்டும் சொல்லும். ரெண்டு பக்கத்தாலயும் அடி."

அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் சாமியில் பயம் உண்டு. அது சாமியின் வேலையில்லை என்று சொல்ல நான் யார்? அதுதான் என்னை அதிகம் குழப்பியது. வீட்டிலும் யோசித்தேன், அடுத்த நாள் பெட்டி அடுக்கும்போதும் யோசித்தேன். கடைசியில் பிடித்த முடிவு சின்னது. சாமி என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் என்ன நினைத்தேன் என்பது தெரியும். தெரிந்ததை மட்டும் போய்ச் சொல்வது.

சுகந்தியின் வீடு ஒரு குறுகிய ஒழுங்கையின் முடிவில் இருந்தது. தாய் பார்வதியக்கா, சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் போடுகிறவர். முற்றத்தில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் சுகந்தி வாசலில் வந்து நின்றாள். நான் கதைக்கத் தொடங்கி, நிறுத்தி, திரும்பத் தொடங்கினேன்.

"அக்கா, அண்டைக்குத் தந்த சுருட்டு முத்தாத சரக்கு. நான்தான் தந்தனான். தெரிஞ்சுதான் தந்தனான்."

"என்னா தம்பி சொல்றீங்க?"

"அது யாற்ற வாயில வைச்சாலும் அணையும். மிச்சக் கட்டு இருந்தாக் கொண்டு வாங்கோ, காட்டிறன்."

கட்டில் மிச்சம் ஏழு இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து நானே பற்றவைத்தேன். முப்பது வருடம் சுருட்டுக்குள் கிடந்தும் நான் புகைக்கிறவன் அல்ல. மூன்றாம் இழுப்பில் கண்ணீர் வந்தது, ஐந்தாம் இழுப்பில் இருமல் வந்தது, சுருட்டு அணைந்தது. திரும்பப் பற்றவைத்தேன். திரும்ப அணைந்தது. பார்வதியக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடித்ததும் செம்பைத் திருப்பி வாங்கினார்.

"சரி. ஈரச் சுருட்டுன்னே வச்சுக்குவோம். அந்த ஈரக் கட்ட எடுத்து எங்கிட்டக் குடுக்கவச்சது யாரு? அதயும் சாமி செஞ்சிருந்தா?"



"அது எனக்குத் தெரியாது அக்கா. எடுத்தது என்ர கை. என்ன நினைச்சுக்கொண்டு எடுத்தனான் எண்டது மட்டும் தெரியும்."

"என்னா நெனச்சீங்க?"

"சாமி என்ன குடிக்கவா போறார் எண்டு நினைச்சனான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க சாமிதானே, எதக் குடுத்தாலும் போதும்னு" என்றார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் அப்படிச் சொல்லிவிட்டு இடியப்பத் தட்டைக் கழுவத் தொடங்கினார்.

கடையில் முத்தின சரக்கு இருக்கிறது, உடனே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை.

"ஈரத்துல கேட்டது கணக்குல வராது. ஆனா சாமிக்குன்னு வச்சது இந்தக் கட்டு. இதத்தான் குடுக்கணும். இத நீங்களே பக்குவம் பண்ணிக் குடுங்க. எத்தன நாளாகும்?"

"மூண்டு மாசம்."

வாசலில் நின்ற சுகந்தி கண்ணை மூடித் திறந்தாள்.

பார்வதியக்கா ஆறு சுருட்டையும் சேர்த்து, மஞ்சள் நூலால் சுற்றி, தனக்கே தெரிந்த ஒரு முடிச்சுப் போட்டு என் கையில் தந்தார். "மாத்திறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றார். என்னை நம்பவில்லை. அதில் நியாயம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை இடியப்பம் கொடுத்துவிட்டு வந்தவர், கட்டைக் காட்டச் சொன்னார். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். முதலில் முடிச்சை மட்டும் பார்த்தார். பிறகு மணந்து பார்க்கத் தொடங்கினார். "மாட்டுக்கொட்டில் மாதிரி இருக்கு" என்றார். சில கிழமை கழித்து, "ஈரச் சாக்கு மாதிரி" என்றார். காதுக்குப் பக்கத்தில் உருட்டி, ஈரம் அடங்கிய இலை சரசரக்கிறதா என்று கேட்பதைச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு அது பிடித்துப்போனது. என்னிடம் கேட்காமலே பக்கத்துப் பெட்டிகளில் உள்ளதையும் உருட்டிப் பார்ப்பார். ஒரு நாள் முதலாளி விற்க எடுத்துவைத்த பெட்டியைப் பார்த்து, "இது இன்னும் ஆகலியே" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். உண்மையில் அது இன்னும் ஆகியிருக்கவில்லை.

மார்கழியில் ஒரு வெள்ளி அன்ரனும் வந்தார். வேண்டுமென்றே வந்தாரோ என்று நான் கேட்கவில்லை. பார்வதியக்கா அவரைக் காணாததுபோல் நின்றார். நான் ஒரு பெட்டியை இறக்கத் தடுமாறியபோது அன்ரன் வந்து பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, சுவரைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டார்.

"கிரேன் மேல ஏறினா தல சுத்தாதா?"

"மொத நாள் சுத்தினது ஆன்ட்டி. கீழ பாக்காம இருந்தாச் சரி."

"கீழ பாக்காம எப்பிடிச் சாமான் எறக்குவீங்க?"

அக்கா திரும்பிக்கொண்டார், ஆனால் சிரித்ததை நான் கண்டேன்.

தை பிறந்தது. சுருட்டுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. ஆனால் அந்த வருடம் கார்த்திகை முழுவதும் விடாத மழை. சுவர்கூட வியர்த்தது. கட்டு அடங்க வேண்டிய அளவுக்கு அடங்கவில்லை. என் கணக்கில் மாசி முடிவு வரை போகவேண்டும். அதற்குள் ஒரு சிக்கல் வந்தது. மாசி நடுவில் தவக்காலம் தொடங்குகிறது. தொடங்கினால் அன்ரன் வீட்டு வழக்கப்படி கல்யாணம் இல்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை அன்ரன் டோஹாவுக்குப் போகவேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டு வருடம் தள்ளிப்போட்டால், ஒரு வருடச் சண்டையில் கிடைத்த சம்மதம் நிற்குமா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

மாசி தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை சுகந்தி கடைக்கு வந்தாள். சுற்றிவளைக்கவில்லை.

"மாத்திக் குடுங்க அண்ணே."

"எதை?"

"எதன்னு தெரியாதா? முத்தின கட்டிலயிருந்து ஆறு எடுங்க. அம்மாவோட முடிச்சு எனக்கும் போடத் தெரியும். யாருக்குத் தெரியப்போகுது?"

நூல்கண்டையும் கொண்டுவந்திருந்தாள்.

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில் நான் நல்லவன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. கை பெட்டிக்குப் போனது. ஆறு சுருட்டை எடுத்தும் விட்டேன். எடுத்தபோது, யாருக்குத் தெரியப்போகுது என்ற சொல் எனக்குப் பழகின சொல்லாகக் கேட்டது. சாமித்தட்டில் ஈரச் சுருட்டை வைக்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் சொன்னது அதைத்தான்.

திரும்ப வைத்தேன்.

"பிள்ளை, கொம்மாவுக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு உமக்கொரு குழந்தை பிறந்து, அதுக்கொரு காய்ச்சல் வந்தாலும், உமக்கு இந்த முடிச்சுத்தான் ஞாபகம் வரும்."

"உங்களுக்குச் சொல்ல ஈசி" என்றாள். கண் நிறைந்திருந்தது. நூல்கண்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எனக்கென்ன இவ்வளவு நேர்மை வேண்டிக்கிடக்கிறது என்றும் நினைத்தேன். இப்போதும் சில நாட்களில் நினைப்பேன்.

வெள்ளிக்கிழமை பார்வதியக்கா வந்தார். கட்டை மணந்து பார்த்தார். "புளிப்பான மாதிரி வருது" என்றார். காதுக்குப் பக்கத்தில் உருட்டினார்.

"அக்கா, இன்னும் மூண்டு கிழமை வேணும்."

"மூணு கெழமன்னா அவங்க நோம்பு தொடங்கிரும்."

"ஓம்."

"இன்னைக்குக் கொண்டுபோனா?"

இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். அவர் நான் சொன்னதைக் கேட்டிருப்பார். அந்த மாதங்களில் அந்தளவுக்கு வந்திருந்தோம். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"எரியும் அக்கா. ஆனா நடுவில ஈரம் கொஞ்சம் நிக்குது. ஒருக்கா அணையலாம்."

அவர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெளியே பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டைப் பையில் போட்டார்.

"பின்னேரம் நாலு மணிக்கு வாங்க. நீங்களும் நிக்கணும்."

போனேன். சின்னக் கோயில், வாகை மரத்தடி. சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. அன்ரனும் தாயும் தெருவோரம் செருப்போடு நின்றார்கள், கிட்ட வரலாமா கூடாதா என்று தெரியாமல். சாமியாடுகிறவர் பகலில் மேசன் வேலை செய்கிறவர், கையில் சீமெந்து காய்ந்திருந்தது. உடுக்கு அடித்தது, சாமி வந்தது. பார்வதியக்கா முடிச்சைத் தானே அவிழ்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று இழுப்பு. சூலத்தடியில் வைத்தார். எரிந்தது. சாம்பல் வெள்ளையாக வளர்ந்தது. அரை விரற்கடை. முக்கால். பிறகு நுனிச் சிவப்பு மங்கி, புகை ஒரு நூலாகி, நின்றது.

உடுக்கு நின்றது. அன்ரனின் தாய் சிலுவை அடையாளம் போட்டார். சாமியாடுகிறவர் பார்வதியக்காவைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று தெரியும்.

அதற்குள் பார்வதியக்கா முன்னால் போனார். சூலத்தடியிலிருந்து சுருட்டை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து உருட்டினார். பிறகு சாமியைப் பார்த்து, சாப்பாட்டுக் கடைக்காரனிடம் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார்:

"இது நடுவுல கொஞ்சம் ஈரம். இன்னும் மூணு கெழம பாக்கி. எனக்குத் தெரிஞ்சுதான் கொண்டாந்தேன். இன்னொருக்காப் பத்தவைங்க."

சாமி கை நீட்டி அந்தச் சுருட்டை வாங்கியது. பிறகு, "நெருப்புப் பெட்டி எங்கடி?" என்றது.

அதன்பிறகு அது அணையவில்லை.

கல்யாணம் தவக்காலத்துக்கு முந்திய சனிக்கிழமை நடந்தது. சாமித்தட்டை நான் மறுநாளே கழற்றிவிட்டேன். முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. இன்றைக்கு நம் கடையில் படையலுக்கும் வெள்ளவத்தை ஐயாவுக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறோம். அது எப்படி வந்தது என்று நீங்கள் யோசித்திருந்தால், இப்படித்தான்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. இடப்பக்க றாக்கையின் கீழ்த்தட்டில், மஞ்சள் நூல் கட்டிய ஒரு சின்னக் கட்டு இருக்கிறது. சீட்டு ஒட்டவில்லை. விற்றுவிடவேண்டாம். அது பார்வதியக்காவுடையது. வீட்டில் வைத்தால் இடியப்ப ஆவி பிடிக்கும் என்று கடையிலேயே விட்டிருக்கிறார். அன்ரன் டோஹாவுக்குப் போனபோது முனியாண்டிக்கு ஒன்று எடுத்தார், பேத்தி பிறந்தபோது ஒன்று எடுத்தார். மூன்று மிச்சம். நம் கடையில் அதைவிட நல்ல சுருட்டு இப்போது இல்லை.

சில வெள்ளிக்கிழமைகளில் வருவார். பெட்டிகளில் உள்ள சுருட்டை உருட்டிப் பார்ப்பார், தடுக்கவேண்டாம். முத்திவிட்டதா என்று அவர் உங்களிடம் கேட்டால் மாதக் கணக்குச் சொல்லாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். எரியும் என்றால் எரியும் என்றும், ஒருக்கா அணையலாம் என்றால் அணையலாம் என்றும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

கேக் தட்டைப் பார்த்துக்கொண்டு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

கிருலப்பனை,
மாசி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை.